சந்தோஷப் பாட்டு என்றால் அவ்வளவு இளக்காரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் நியூயார்க்கின் பிராட்வே இசை நாடகங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், உழைத்து எழுதியிருக்கிறார். ஆனால் சோகப் பாட்டுகளுக்கு மூன்று நான்கு பத்திகளை வாரி வழங்கியவர், 'ஓக்லஹோமா!' நாடகத்தின் முதல் பாட்டான 'ஓ வாட் எ பியூட்டிஃபுல் மார்னிங்'குக்கு வந்ததும் 'விடிந்தது, வெயில் அடிக்கிறது, அதற்காகச் சந்தோஷப்படும் ஒரு வெகுளிப் பாட்டு' என்று ஒரே வரியில் கை கழுவிவிட்டார். அதோடு நிறுத்தியிருந்தால்கூட நான் சும்மா இருந்திருப்பேன். இந்த மாதிரிப் பாட்டையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் எழுதிவிடலாம் என்கிற தொனியில் ஒரு வால் வேறு சேர்த்திருக்கிறார், அதைப் படித்த பிறகு எப்படி சும்மா இருப்பது?

உட்கார்ந்த இடத்தில் எழுதியதா என்பதை முதலில் பார்த்துவிடலாம். பாட்டை எழுதிய ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனுக்கு அதை முடிக்க மூன்று வாரம் பிடித்தது. மெட்டுப் போட்ட ரிச்சர்ட் ராட்ஜர்ஸுக்குப் பத்து நிமிடம் போல ஆனது என்பார்கள். இதைக் கேட்டதும் ராட்ஜர்ஸ் மேதை, ஹாமர்ஸ்டைன் மந்தம் என்று தோன்றும். சங்கதி அப்படியில்லை. ராட்ஜர்ஸ் அதற்கு முன்பு இருபது வருடத்துக்கும் மேலாக லாரன்ஸ் ஹார்ட் என்ற பாடலாசிரியரோடு வேலை பார்த்தவர், அங்கே பெரும்பாலும் மெட்டு முதலில் வரும், வார்த்தை அதற்குப் பிறகு. ஹாமர்ஸ்டைனோடு சேர்ந்ததும் வரிசை மாறிவிட்டது. வார்த்தைகள் முழுதாகத் தாளில் வந்து உட்கார்ந்த பிறகுதான் ராட்ஜர்ஸ் பியானோ முன் உட்கார்ந்தார். தாளம், மூச்சு விடும் இடம், எந்தச் சொல்லில் குரல் தங்க வேண்டும் என்பதெல்லாம் அந்தத் தாளிலேயே இருந்தது. பத்து நிமிடத்தில் மெட்டு வந்ததற்கு அந்த மூன்று வாரமும் ஒரு காரணம்.

அந்த மூன்று வாரத்தில் என்ன செய்தார் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். பாட்டில் மக்காச்சோளம் எவ்வளவு உயரம் வளர்ந்திருக்கிறது என்று ஒரு வரி வரும். ஹாமர்ஸ்டைன் முதலில் எழுதியது, மாடு மேய்க்கிறவர்கள் ஏறும் குட்டைக் குதிரையின் கண் உயரம் என்று. அப்போது அவர் பென்சில்வேனியா மாநிலத்தில் டாய்ல்ஸ்டவுன் என்ற ஊரில் ஒரு பண்ணை வீட்டில் இருந்தார். பக்கத்து நிலத்தில் மக்காச்சோளம் போட்டிருந்தார்கள், சரி போய்ப் பார்த்துவிடுவோம் என்று நடந்து போயிருக்கிறார். பயிர் குதிரையின் கண்ணைத் தாண்டி எங்கேயோ நின்றது. திரும்பி வந்து குதிரை என்ற சொல்லை அடித்துவிட்டு யானை என்று எழுதினார். அமெரிக்கப் புல்வெளியில் வளர்ந்த ஒரு இளைஞன் வாயில் யானை எப்படி வந்தது என்று கேட்கலாம்தான். சர்க்கஸில் பார்த்திருப்பான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த வரி பிடிப்பதே அதனால்தான். நல்ல மனநிலையில் இருக்கிறவன் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வான், ஆனால் முழுப் பொய்யாகவும் சொல்ல மாட்டான். அந்த அளவைப் பிடிப்பதற்காக ஒரு மனிதர் வயலுக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இந்தப் பாட்டு எங்கிருந்து முளைத்தது என்பதும் சொல்ல வேண்டிய கதை. 'ஓக்லஹோமா!'வின் மூலம் லின் ரிக்ஸ் எழுதி 1931இல் நியூயார்க்கில் மேடையேறிய 'கிரீன் குரோ த லைலாக்ஸ்' என்ற நாடகம். அது 64 காட்சிகளோடு நின்றுவிட்டது. அந்த நாடகப் பிரதியின் முதல் பக்கத்தில், யாரும் வாய் திறப்பதற்கு முன், காட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ரிக்ஸ் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். கோடைக்காலத்துக் காலை, அதில் மனிதர்களும் புல்வெளியில் நிற்கும் மாடுகளும் இளம் மக்காச்சோளத் தாளும் ஓடைகளும் இப்போதுதான் முதன்முதலாக உண்டானவை போல இருக்கின்றன, அவற்றிலிருந்து கண்ணுக்குத் தெரியும் ஒரு பொன்னொளி கிளம்புகிறது என்று போகும். நாடகம் பார்க்க வருகிறவன் இந்தக் குறிப்பைப் படிக்கவா போகிறான்? இவ்வளவு நல்ல எழுத்து பிரதியைப் புரட்டுகிறவர்களோடு நின்றுவிடுகிறதே என்று ஹாமர்ஸ்டைனுக்கு உறுத்தியது. பார்வையாளர்கள் காதில் அதைப் போடுவதற்காகத்தான் இந்தப் பாட்டை எழுதினார். பொன் மூட்டம், மாடுகள், மக்காச்சோளம் மூன்றும் ரிக்ஸ் வீட்டுச் சரக்கு, ஹாமர்ஸ்டைனே அதை ஒளித்ததில்லை. ஆகவே 'வெகுளி' என்று ஒருவர் இதைத் தள்ளும்போது பாதி அடி ரிக்ஸுக்கும் விழுகிறது.

மேடையில் அது எப்படி வந்தது என்று பாருங்கள். 1943 மார்ச் 31, செயின்ட் ஜேம்ஸ் அரங்கம். அந்தக் காலத்தில் இசை நாடகம் என்றால் திரை தூக்கியதும் ஒரு கூட்டம் பெண்கள் வரிசையாக வந்து காலைத் தூக்கி ஆட வேண்டும், தாமதமாக வருகிறவர்கள் நாற்காலி தேடி உட்கார்வதற்குள் அந்த ஆட்டம் முடிய வேண்டும், அப்புறம்தான் கதை. இங்கே திரை தூக்கினால் வயதான ஒரு அம்மாள், ஆன்ட் எல்லர், தன்னந்தனியாக உட்கார்ந்து வெண்ணெய் கடைந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான். ஆட்டம் இல்லை, கோரஸ் இல்லை. எங்கிருந்தோ, மேடைக்கு வெளியிலிருந்து, கிட்டத்தட்ட வாத்தியமே இல்லாமல் ஒரு ஆண் குரல் கேட்கிறது. பாடிக்கொண்டே கர்லி என்ற அந்த இளைஞன் மெதுவாக உள்ளே வருகிறான். அந்த அம்மாள் கடைகிற கையை நிறுத்துவதுகூட இல்லை. அவரைப் பொறுத்தவரை இது தினமும் நடப்பது, இவன் பாடாமல் வந்தால்தான் ஆச்சரியம். முதல் நாள் கர்லியாகப் பாடியவர் ஆல்ஃபிரட் டிரேக். அன்று அரங்கம் நிரம்பக்கூட இல்லை. அதற்கு முன் நியூ ஹேவன் நகரில் வேறு பெயரில் ஒத்திகைக் காட்சிகள் போட்டபோதே, 'காலும் இல்லை, ஜோக்கும் இல்லை, தேறவும் வழியில்லை' என்று ஒரு நக்கல் நியூயார்க் வரை வந்து சேர்ந்திருந்தது, சொன்னது யார் என்று இன்றுவரை ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். தேறாது என்ற நாடகம் அதன் பிறகு 2,212 காட்சிகள் ஓடியது.

சரி, பாட்டுக்குள் வருவோம். முதல் வரியை அப்படியே இரண்டாவது வரியாகவும் பாடுகிறான். கேட்க ஒன்றுமில்லாத விஷயம் போலத் தோன்றும், ஆனால் பழைய நாட்டுப்புறப் பாட்டுகளின் அமைப்பு அது, ஏட்டில் எழுதாமல் வாயிலேயே வளர்ந்த பாட்டுகளில் இப்படித்தான் வரும். இதனாலேயே முதல் முறை கேட்கிறவனுக்கும் இதை எப்போதோ கேட்டிருக்கிறோமே என்ற நினைப்பு வந்துவிடுகிறது. அப்புறம் மாடுகள். சிலை மாதிரி நிற்கின்றன, இவன் குதிரையில் போகிறான், தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரே ஒரு பழுப்புக் கன்று மட்டும் கண் சிமிட்டுகிறது. இந்த ஓர் இடத்தை நான் எத்தனை பேரிடம் சொல்லிச் சலிக்க வைத்திருக்கிறேன் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும்! உலகம் முழுவதும் என்னைப் பார்த்துச் சிரித்தது என்று எழுதுவது எளிது, மட்டமான பாடலாசிரியர்கள் எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். இங்கே மந்தை முழுவதும் அவனைச் சட்டை செய்யவில்லை. ஒரு கன்று போதும் அவனுக்கு. மற்ற மாடுகள் அசையாமல் நிற்பதால்தான் அந்தச் சிமிட்டலை நாம் நம்புகிறோம்.

இன்னொன்றும் உண்டு, இதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால் 'வெகுளி' என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துத்தான் போட்டிருப்பார். கர்லி அந்த வீட்டுக்கு வருவதே லாரி என்ற பெண்ணுக்காக, அன்று இரவு ஊர்க் கொண்டாட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக. ஆனால் பாட்டில் அவள் பெயர் இல்லை, ஒரு பெண் என்ற பேச்சே இல்லை. எல்லாம் தனக்குச் சாதகமாகப் போவது போல ஓர் உணர்வு என்று மட்டும் சொல்கிறான். ஏன் என்று சொல்வதில்லை. சொல்ல அவனிடம் காரணமும் இல்லை, ஏனென்றால் அதுவரை ஒன்றுமே அவனுக்குச் சாதகமாக நடந்திருக்கவில்லை. அடுத்த சில நிமிடங்களிலேயே லாரி முறுக்கிக்கொள்கிறாள், அவனை வெறுப்பேற்றுவதற்காக ஜட் என்ற பண்ணையாளோடு போவதாக ஒத்துக்கொள்கிறாள். காரணம் கேட்காத சந்தோஷத்தைக் காரணம் சொல்லாமலேயே எழுதியிருக்கிறார் ஹாமர்ஸ்டைன். துக்கத்துக்கு எப்போதும் ஒரு காரணம் இருக்கும், பாடலாசிரியர் அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். இந்தப் பாட்டில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை, வெயிலும் நாலு மாடும்தான்.

அந்த ஜட் விவகாரத்தையும் சொல்லாமல் விட முடியாது. காலையில் இவ்வளவு இனிமையாகப் பாடிய அதே கர்லி, அதே அங்கத்தில் ஜட் தங்கியிருக்கும், இறைச்சியைப் புகை போடுவதற்கான புகைக்கொட்டிலுக்குப் போகிறான். அங்கே தொங்கும் கயிற்றைக் காட்டி, நீ செத்துப்போனால் ஊரே உனக்காக எப்படி அழும் தெரியுமா என்று நயமாகப் பேசி, அவனைத் தூக்கில் தொங்கும்படி கிட்டத்தட்ட ஆசை காட்டுகிறான். நாடகம் அதை ஒரு நகைச்சுவைப் பாட்டாக்குகிறது, சிரித்துக்கொண்டே பார்க்கிறோம், ஆனால் நடப்பது என்னவோ கொடுமைதான். கடைசியில் கர்லிக்கும் லாரிக்கும் கல்யாணம் ஆன இரவில் ஜட் கத்தியோடு வருகிறான், கைகலப்பில் தன் கத்தி மேலேயே விழுந்து சாகிறான். தம்பதிக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று அங்கேயே, ஆன்ட் எல்லர் வீட்டிலேயே, அவசர அவசரமாக ஒரு விசாரணை நடத்தி கர்லி குற்றவாளி இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு திரும்பவும் எந்தப் பாட்டு ஒலிக்கிறது? இதே காலைப் பாட்டு. வார்த்தை மாறவில்லை, மெட்டு மாறவில்லை. கேட்கிற நமக்குத்தான் நடுவில் இவ்வளவும் தெரிந்துவிட்டிருக்கிறது. வெகுளியான பாட்டை வைத்துக்கொண்டு இப்படிச் செய்ய முடியுமா என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

2019இல் டேனியல் ஃபிஷ் இயக்கத்தில் பிராட்வேயில் இதைத் திரும்பப் போட்டபோது இந்த இடத்தைத்தான் அவர் கிளறினார். கத்திச் சண்டையை எடுத்துவிட்டு, கர்லி துப்பாக்கியால் சுடும்படி வைத்தார், கல்யாண உடுப்பில் ரத்தம் தெறித்தது, அந்தக் கறையோடேயே எல்லோரும் பாடி முடித்தார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை, பழைய நாடகத்தைக் கெடுத்துவிட்டார் என்றார்கள். பிராட்வே நாடகங்களுக்குக் கொடுக்கும் டோனி விருதில் சிறந்த மறுமேடையேற்றத்துக்கானது அதற்குத்தான் போனது. என்னைக் கேட்டால் அவர் எதையும் புதிதாகக் கொண்டுவந்து திணிக்கவில்லை, பிரதிக்குள் இருந்ததை வெளிச்சம் போட்டுக் காட்டினார், கொஞ்சம் அதிகமாகவே காட்டினார் என்று வேண்டுமானால் சொல்லலாம்.

பாட்டில் குறையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. கதை நடப்பது ஓக்லஹோமா மாநிலமாக ஆவதற்குச் சற்று முன்பு. அது மாநிலமானது 1907இல். அதுவரை அதன் கிழக்குப் பாதியின் பெயரே இந்தியன் டெரிட்டரி, செரோக்கி முதலான பூர்வகுடி மக்களை அவர்களுடைய சொந்த மண்ணிலிருந்து விரட்டிக் கொண்டுவந்து விட்ட இடம் அது. லின் ரிக்ஸ் அங்கேதான், கிளேர்மோர் பக்கத்தில், 1899இல் பிறந்தார். தாய் வழியில் அவரும் செரோக்கிதான். அப்படிப்பட்டவர் கையிலிருந்து வந்த பொன்னொளியை எடுத்துக்கொண்ட இசை நாடகத்தில், பூர்வகுடிப் பாத்திரம் என்று ஒருவர்கூடக் கிடையாது. எல்லாம் எனக்குச் சாதகமாகப் போகிறது என்று கர்லி பாடும்போது அந்த மண்ணில் யாருக்குப் பாதகமாகப் போயிற்று என்ற கேள்வி நியாயமானது. குறை சொல்ல வேண்டுமென்றால் கட்டுரையாளர் இந்த இடத்தில் பிடித்திருக்க வேண்டும். வெயிலைப் பார்த்துச் சந்தோஷப்பட்டான் என்பதெல்லாம் ஒரு குற்றமா?

இதை எழுதியவர் எந்த நிலையில் இருந்தார் என்பதையும் பார்க்க வேண்டும். 1927இல் 'ஷோ போட்' இசை நாடகம் மூலம் கொடிகட்டிப் பறந்த ஹாமர்ஸ்டைன் 1930களின் நடுவிலிருந்து பிராட்வேயில் தோல்வி மேல் தோல்வி பார்த்தவர். இனி இவர் அவ்வளவுதான் என்று துறையில் பேசிக்கொண்டார்கள். நாற்பத்தேழு வயதில் எழுதியதுதான் இந்தக் காலைப் பாட்டு. நாடகம் வெற்றி பெற்றதும் அவர் செய்த காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. 'வெரைட்டி' என்ற கலைத்துறைப் பத்திரிகையில் காசு கொடுத்து விளம்பரம் போட்டு, அதில் தன் தோல்விப் படைப்புகளை வரிசையாகப் பட்டியலிட்டு, முன்பும் இதைச் செய்திருக்கிறேன், மறுபடியும் செய்ய முடியும் என்று எழுதினார். இன்னொரு பக்கம் லாரன்ஸ் ஹார்ட். இந்த நாடகம் முதலில் அவரிடம்தான் போனது, வேண்டாம் என்றுவிட்டார். முதல் நாள் அரங்கத்துக்கு வந்து பார்த்தார், பழைய நண்பனைப் பாராட்டினார், அந்த வருடம் நவம்பரிலேயே காலமாகிவிட்டார். வெளியே உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. கப்பல் ஏறப் போகிறவர்கள் சீருடையோடு வந்து இந்தப் பாட்டைக் கேட்டார்கள். மூன்று வாரம் உட்கார்ந்து மாட்டையும் கன்றையும் எழுதியவர் இவ்வளவுக்கும் நடுவில் இருந்தவர்.

பாடகர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய அரங்கங்களில், எண்பது பேர் வாத்தியம் வாசிக்க, கையை அகல விரித்து, கடைசி வரிசைக்குக் கேட்கும்படி இதை முழங்குகிறார்களே, அதைக் கேட்டுவிட்டுத்தான் பலரும் பாட்டை வெகுளி என்று நினைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். இது நிதானமான வால்ட்ஸ், மூன்று எண்ணிக்கைத் தாளம், குதிரையை நடக்க விட்டுக்கொண்டு தனக்குத்தானே பாடிக்கொள்கிற வேகம். யாரையும் மயக்க வேண்டிய அவசியம் பாடுகிறவனுக்கு இல்லை, கேட்பதற்கு யாராவது இருக்கிறார்களா என்றுகூட அவனுக்குத் தெரியாது. முழங்கினால் அந்தக் கன்று மிரண்டு ஓடிவிடும். டெக்கா நிறுவனம் 1943லேயே முதல் நடிகர்களை வைத்து இசைத்தட்டுகளாக வெளியிட்டதில் ஆல்ஃபிரட் டிரேக் பாடியது கிடைக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். ஒலி பழசுதான், கரகரப்பு இருக்கும், ஆனால் மனிதர் அலட்டிக்கொள்ளவே மாட்டார். 1998இல் லண்டன் நேஷனல் தியேட்டர் போட்டதில் ஹ்யூ ஜாக்மேன் கர்லியாக நடித்தார், அதைப் படமாக்கிய பதிவும் உண்டு, அவரிடம் கொஞ்சம் மினுக்கு அதிகம் என்றாலும் பாட்டைக் கெடுக்கவில்லை.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், இது கட்டுரையாளருக்கு இல்லை, உங்கள் பக்க வடிவமைப்பாளருக்கு. கட்டுரைக்கு மேலே போட்டிருந்த வண்ணப் படத்துக்கு '1943 மேடை நாடகத்தில் ஒரு காட்சி' என்று அடிக்குறிப்பு கொடுத்திருந்தீர்கள். குதிரை மேல் இருப்பவர் கோர்டன் மெக்ரே, அது 1955இல் ஃப்ரெட் ஜின்னமன் எடுத்த சினிமா. அந்தப் படத்தின் வெளிப்புறக் காட்சிகளை ஓக்லஹோமாவில் எடுக்கக்கூட இல்லை, அரிசோனாவுக்குப் போய், இந்த ஒரு பாட்டுக்காக அங்கே மக்காச்சோளம் விதைத்து வளர்த்து எடுத்தார்கள். அடுத்த வாரம் திருத்தம் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்